கார்டில் வாங்கிய காப்பி

1

என் தம்பி சாமுவேலுக்கு ராஜபாளையத்தில் பம்புசெட்டுச் சாமான் கடை. வழக்கமாக அவன் கடிதத்தில் மழை, மருமகன், மூட்டுவலி என்று மூன்று விஷயங்கள் இருக்கும். போன மாதம் வந்த கடிதத்தில் நான்காவதாக ஒன்று இருந்தது.

"அக்கா, பேங்குல இருந்து ரெண்டு பேர் வந்து, கடையில கார்டு தேய்க்கிற மெசின வையின்னு நிக்கிறாக. வன்னியம்பட்டியில இருந்து வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாறவன் எந்தக் கார்ட நீட்டப் போறான்? நீ எம்புட்டோ வருசமா அதத்தான தேய்க்க. ரொக்கத்தக் காட்டிலும் அதுல என்ன நன்மை இருக்குன்னு வெவரமா எழுது. பொறவு நான் முடிவு பண்ணுதேன்."

நன்மையைத்தானே கேட்கிறான், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் நர்ஸ். ஊசி போடுவதன் நன்மையைச் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவள். பணம் தொலையாது. சில்லறைக்கு அலைய வேண்டாம். வாங்கிய பொருள் பழுது என்றால் நமக்காகக் கார்டு கம்பெனியே கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கும். ஒழுங்காகக் கட்டினால் ஊருக்குள் நல்ல பேர் வரும்.

நாலு வரியில் முடிந்துவிட்டது. கடிதத்தாளில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கும் தாளை அப்படியே மடித்து அனுப்ப எனக்கு இப்போதெல்லாம் மனசு வருவதில்லை. தம்பிக்கு எழுத வந்ததை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அமெரிக்காவுக்குத் தனியாகத்தான் வந்தேன். அதற்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கணவர் பட்டாளத்தில், வடக்கே எங்கோ எல்லையில் இருந்தார். அவருக்குப் பென்ஷன் வர இன்னும் இரண்டு வருடம் பாக்கி. விசா எனக்கு மட்டும் கிடைத்தது. மகன் ஜெபராஜுக்கு அப்போது ஐந்து வயது. அவனைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

வந்து சேர்ந்த ஊருக்குப் பெயர் பஃபலோ. எருமை என்று அர்த்தம். தம்பி இன்றுவரை என்னை எருமையூர் அக்கா என்றுதான் கேலி செய்வான். வருடத்தில் ஐந்து மாதம் பனி. மற்ற மாதங்களில் பனி வரப்போகிறது என்ற பேச்சு.

முதல் சம்பளத்திலிருந்தே மாதம் தவறாமல் தம்பி பெயருக்கு டிராஃப்ட் அனுப்பினேன். அதை ஸ்ரீவில்லிபுத்தூர் பேங்கில்தான் மாற்ற முடியும். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அவன் மாற்றிக்கொண்டு வருவான்.

கடிதம் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். முதல் ஆறு மாதம் வாரம் ஒன்று. பிறகு மாதம் ஒன்று. அதற்குப் பிறகு டிராஃப்ட் மட்டும்தான் போனது. எழுத உட்கார்ந்தால் அழுகை வரும். அழுதால் மறுநாள் வேலை ஓடாது. டிராஃப்டுக்கு அழுகை வேண்டியதில்லை, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஊரில் மணியார்டர் ஃபாரத்தில்கூட அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். "பணம் அனுப்பியிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அதில் எழுதலாம். டிராஃப்டில் அதற்கும் இடமில்லை. உண்மையைச் சொன்னால், இடமில்லாதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கணவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். ஜெபராஜ் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அப்பா முதுகைத் தட்டி முன்னால் தள்ளிவிட்டார். அவன் கைகூப்பி, "தோத்திரம்" என்றான்.

எங்கள் சபையில் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அப்படித்தான் சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள்.

3

கார்டு எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறேன். என் கணவர் கடன் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவர். சம்பளப் பணத்தை அரிசி டின்னுக்குள் வைத்திருப்பார். ஒரு பழைய கார் வாங்கலாம் என்று பேங்குக்குப் போனோம். இதுவரை எங்கெங்கே கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். "ஒரு சல்லிக்காசு கிடையாது" என்று இவர் பட்டாளத்து ஆங்கிலத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதிகாரி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். கடன் வாங்கிக் கட்டிய சரித்திரம் இல்லாதவருக்குக் கடன் கொடுக்க வழியில்லையாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர், "ஏட்டி, நம்ம ஊர்ல கடன் வாங்குனவனத்தான நம்ப மாட்டாக? இங்க என்ன தலைகீழா இருக்கு?" என்று கேட்டார்.

சரித்திரம் உண்டாக்குவதற்காகச் சின்ன வரம்போடு ஒரு கார்டு கொடுத்தார்கள். அதில் முதலில் வாங்கியது ஜெபராஜுக்குப் பனிக்காலப் பூட்ஸ். வீட்டுக்கு வந்ததும் இவர் அரிசி டின்னைத் திறந்தார். பூட்ஸின் விலையைக் கையில் எடுத்துக்கொண்டு, பேங்கு மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண், பில்லே இன்னும் போடவில்லை, அடுத்த மாதம்தான் வரும் என்றாள். இவர் என்னிடம் திரும்பி, "பில்லு வராட்டி என்ன? பூட்சு வந்திருச்சுல்ல, அவகிட்டச் சொல்லு" என்றார்.

இப்படியே மூன்று மாதம் நடந்தது. எதை வாங்கினாலும் அன்றைக்கே பேங்கில் போய் நிற்பார். கடைசியில் அந்தப் பெண், தயவுசெய்து பில் வரும்வரை பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்ட பிறகுதான் நிறுத்தினார். நிறுத்தினாலும், பில் வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

நான் சொன்ன நல்ல பேர் அப்படித்தான் வந்தது. காரும் வந்தது, பிறகு வீடும் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். கார்டு கம்பெனிக்கு மரணச் சான்றிதழை மூன்று தடவை அனுப்பினேன். மூன்றாவது தடவை அனுப்பிய வாரத்தில் அவர் பெயருக்கு அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் நாணயத்தைப் பாராட்டி வரம்பை உயர்த்தியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. அதை அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

4

ஜெபராஜ் பள்ளிக்கூடத்தில் ஜெஃப் ஆனான். அம்மா என்பது மாம் ஆனது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்றுகொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். கோபக்காரப் பிள்ளை இல்லை, மரியாதை தெரிந்தவன். எனக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை. அந்தத் "தோத்திரம்" கடைசிவரை போகவே இல்லை.

கல்லூரிக்கு மேற்குக் கோடியில், எந்நேரமும் மழை தூறும் சியாட்டிலுக்குப் போனான். ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் கணக்கில் அவன் பெயருக்கும் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். முதலில் வாரம் ஒரு தடவை போன் பண்ணினான். பிறகு மாதம் ஒன்று. பிறகு பண்டிகைக்கு மட்டும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. யாரிடம் படித்த பாடம் அது?

ஆனால் மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள் கார்டு பில் வந்துவிடும். என் பங்கு ஒரு பக்கம், அவன் பங்கு ஒரு பக்கம். எந்தத் தேதியில், எந்தக் கடையில், எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படிப்பேன். ஒரு வாரத்தில் மூன்று தடவை மருந்துக்கடை என்று இருந்தால் உடம்பு சரியில்லை. மழைக்கோட்டுக் கடை இருந்தால், அப்பாடா, புத்தி வந்துவிட்டது. ஒரு மாதம் பூக்கடை இருந்தது. அடுத்த மாதம் இரண்டு தடவை பூக்கடை. யார் பெண் என்று தெரியாமலேயே அவளுக்காக ஜெபம் பண்ணினேன். அதற்கடுத்த மாதம் பூக்கடையைக் காணவில்லை. அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு ஒரு வாரம் மனசு சரியில்லை.

ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் போன் பண்ணி, "இருமல் எப்படிலே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். எப்படித் தெரியும் என்று அவன் ஆங்கிலத்தில் திகைத்தான். பெத்தவளுக்குத் தெரியாதா என்று சமாளித்தேன்.

ஜெபராஜ் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருந்தால் அவன் இருமியது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தம்பி, இதையும் ஒரு நன்மையாக எழுதிக்கொள்.

5

கணவர் போன பிறகு ஒரு தடவை ஊருக்கு வந்தேன். தம்பி மகளுக்குக் கல்யாணம். ஜெபராஜ் வரவில்லை, லீவு இல்லை என்றான். கல்யாணப் பெண்ணுக்கு என் பங்காக ஒரு பட்டுச்சேலை எடுத்துவிடலாம் என்று தம்பி மனைவியோடு ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். காலையில் கடை திறந்ததும் நாங்கள்தான் முதல் ஆள். கண்ணாடி மேசையில் கார்டு தேய்க்கிற மெசின் ஒன்று, பூப்போட்ட துணி மூடி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேலையை எடுத்ததும் கார்டை நீட்டினேன்.

கடைக்காரர் அதைத் தொடவில்லை. "அக்கா, தப்பா நெனைக்காதீக. இன்னும் போணியாகல. மொத யாவாரத்தையே கடன்ல ஆரம்பிச்சா நாள் பூரா கடனாவே போயிரும்" என்றார்.

"இது கடன் இல்லீங்க. பேங்கு ஒங்களுக்குப் பணத்தக் குடுத்திரும்."

"குடுப்பாக. அது அடுத்த வாரம்ல குடுப்பாக? போணி இப்பம்ல ஆகணும்? ஒரு பத்து ரூவா ரொக்கமாக் குடுங்க, போதும். மிச்சத்துக்குக் கார்டத் தேய்ச்சுக்கிடுவோம்."

தம்பி மனைவி பர்ஸிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். அதன்பிறகு கார்டை வாங்கிக்கொண்டு, அனுமதி கேட்க மதுரையில் இருக்கும் பேங்குக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. உள்பக்கம் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார், எங்களுக்கு இரண்டு பாட்டில் கலர் சோடா வந்தது. லைன் கிடைக்கும்வரை அரைமணி நேரம் என்னை விசாரித்தார். கணவர் எப்படித் தவறினார், எத்தனை பிள்ளை, என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பையன் கல்யாணத்துக்கு வரலியா?"

"லீவு கிடைக்கல."

"தாய்மாமன் மக கல்யாணத்துக்கா லீவு கிடைக்கல?" என்றார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மதுரை லைன் கிடைத்தது.

அமெரிக்காவில் இத்தனை வருடம் கார்டைத் தேய்த்திருக்கிறேன். ஒரு கடையிலும் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கார்டில் கொடுத்தால் அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம் என்பதை ஒரு நன்மையாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தம்பி என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனான். நான் வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய கணக்கு ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. பேங்கை விட்டு வெளியே வந்ததும் எதிரே இருந்த காப்பிக் கடையைக் கை காட்டினான்.

"டிராஃப்டு மாத்த வாரப்பல்லாம் ஜெபராசையும் கூட்டிட்டுத்தான் வருவேன். கவர வாங்கி உள்ள தடவிப் பாப்பான். டிராஃப்டத் திருப்பித் திருப்பிப் பாப்பான். 'அம்மா ஒண்ணும் எழுதலியே மாமா'ன்னு மூஞ்சி சுண்டிப் போவும். நான் என்ன செய்ய? இங்கன உக்காத்தி வச்சு ஒரு காப்பி வாங்கிக் குடுப்பேன். 'ஏலே, இது ஒங்கம்மா வாங்கிக் குடுக்கிற காப்பிலே. ஒனக்கு வாங்கிக் குடுக்கச் சொல்லித்தான் துட்டு அனுப்பிருக்கா'ன்னு சொல்லுவேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சிட்டு டம்ளரக் கவுத்துக் காட்டுவான்."

நான் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை. பிள்ளைக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடு என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. நடுரோட்டில் நின்று அழுதேன். தம்பி பதறிப்போய், "செத்த நேரம் உக்காருக்கா, வெயில்" என்று நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

பஃபலோவுக்குத் திரும்பி வீட்டைத் திறந்தேன். போனில் ஒரு தகவல் பதிவாகியிருப்பதாகச் சிவப்பு விளக்கு மினுங்கியது. ஜெபராஜ்தான் என்று ஓடிப்போய் அமுக்கினேன். பேசியது கார்டு கம்பெனிக்காரி. ராஜபாளையம் என்ற ஊரில், பெயரை அவள் நாலு தடவை தட்டுத்தடுமாறிச் சொன்னாள், உங்கள் கார்டில் ஒரு பெரிய தொகை போயிருக்கிறது, நீங்கள்தானா, பத்திரமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள்.

மூன்று வாரம் நான் பஃபலோவில் இல்லை. அதைக் கவனித்தது அவள் ஒருத்திதான். அந்தத் தகவலை அழிக்க மனசு வரவில்லை, கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

6

போன வருடம் ஜெபராஜுக்கு வேலை கிடைத்தது. ஒரு கவர் வந்தது. உள்ளே நான் கொடுத்த கார்டு, இரண்டாக வெட்டியிருந்தது. வெட்டித்தான் திருப்ப வேண்டும் என்பது சட்டம், அது எனக்கும் தெரியும். "நன்றி, மாம். இனி எனக்குச் சொந்தக் கார்டு இருக்கிறது" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நல்ல பிள்ளை. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொல்லியிருப்பாள்.

அடுத்த பில் ஒரே பக்கத்தில் வந்தது. என் பால், என் ரொட்டி, என் பஸ் பாஸ். மூன்று மாதம் பார்த்தேன். நான் என்ன வாங்கினேன் என்பதை நானே படித்து என்ன செய்ய?

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் பண்ணினேன். "ஏலே, ஒன் கார்டு கணக்குல என் பேருக்கும் ஒரு கார்டு வாங்கி அனுப்பு."

அவன் பயந்துவிட்டான். பணக் கஷ்டமா, வீட்டுத் தவணை நிற்கிறதா, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டான். நான் ஒவ்வொரு மாதமும் உயிரோடு இருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக என்று எப்படிச் சொல்வது? "பாயிண்ட் சேரும்லே. பிளேன் டிக்கெட் கிடைக்கும்" என்று அளந்தேன். இந்த நாட்டில் பாயிண்ட் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். பத்து நாளில் கார்டு வந்தது.

அதை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எடுப்பேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் காப்பிக் கடைக்குப் போவேன். ஐந்து டாலருக்குக் குறைந்தால் கார்டு எடுக்க மாட்டோம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதனால் காப்பியோடு, எனக்குப் பிடிக்காத ஒரு கேக்கையும் வாங்குவேன். கேக் பக்கத்து ஏரிக்கரைப் பறவைகளுக்குப் போகும். காப்பியை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இது என் மகன் வாங்கிக் கொடுக்கிற காப்பி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன். வாயில் வைக்க முடியாத கசப்பு.

7

இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல். மூன்று வாரம் படுக்கை. கஞ்சி வைத்துக் குடிக்கவும் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கதவருகே சூப் வைத்துவிட்டுப் போவாள். முதல் சனிக்கிழமை வந்தது, போனது. காப்பிக் கடைக்குப் போகவில்லை. ஜெபராஜுக்கு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொல்லி அவன் மரியாதையாக விசாரிப்பதைக் கேட்கத் தெம்பில்லை.

காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடத் தொடங்கி, அடுத்த மாதமும் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மத்தியானம் போன் அடித்தது. ஜெபராஜ். பண்டிகை எதுவும் இல்லையே என்று காலண்டரைப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தான். பில் வந்தது, உன் கார்டில் ஒன்றுமே இல்லை, தொலைத்துவிட்டாயா என்று கேட்டான்.

"இல்ல, பத்திரமா இருக்கு" என்றேன்.

அடுத்த கேள்வியைத் தமிழில் கேட்டான். ஏழு வயதில் விட்ட இடத்திலேயே நின்றுபோன தமிழ். "ஏம்மா போன மாசம் காப்பி குடிக்கல?"

"காய்ச்சல்லே" என்றேன்.

"எம்புட்டு நாளா?" என்றான்.

தம்பி பேசுவது போலவே இருந்தது. இத்தனை வருடம் அந்தச் சொல்லை எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. மூன்று வாரம் கிடந்தேன், இப்போது விட்டுவிட்டது என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டான். அவன் என்னிடம் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. திட்டட்டும் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில். மெசினை வாங்கி வை. போணிக்கு மட்டும் ரொக்கமாக வாங்கிக்கொள். கார்டு தேய்க்க வருகிறவனிடம், லைன் கிடைக்கும்வரை வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேள்.

அன்றைக்கு ஜெபராஜிடம் பேசிப் போனை வைத்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். சனிக்கிழமைகூட இல்லை. ஒரு காப்பி, ஒரு கேக். ஜெபராஜின் கார்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பில் அவனுக்குப் போகும்.